பூட்டி வாங்கிய டிக்கெட்

12-3-1964
ஞாயிறன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பன்னீர்செல்வம், துறைமுக ஆபீஸ் கிளார்க், கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த ஆள். பெயரில் பன்னீர், போட்டோ முகத்தில் வெந்நீர்.

15-3-1964
உட்காரும் முன்பே மாப்பிள்ளையின் மாமா சிவஞானம் பூர்வீகம் கேட்டார். அப்பா நிமிர்ந்தார். எங்கள் பூட்டி மீனாம்பாள் வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தத் தீவுக்கு டிக்கெட் வாங்கியவள் என்றார். கப்பல் டிக்கெட் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மேல்தட்டா, கீழ்த்தட்டா என்றுகூட நான் சண்டை போட்டிருக்கிறேன்.

சிவஞானம் டம்ளரை வைத்தார். "அது கைதிக்குக் குடுக்கிற டிக்கெட்டுங்க. ஜெயிலுக்கு வெளிய பொழைச்சுக்கோன்னு விடுறது."

பஜ்ஜியைத் தீர்த்துவிட்டுத்தான் போனார்கள், கடன்காரர்கள்.

16-3-1964
பூட்டி வாங்கினாள் டிக்கெட், அப்பா வாங்கினார் மூக்குடைப்பு என்றேன். நான் வாங்கியது அறை.

18-3-1964
மின்னி பே கடலோரத்தில் பெரியப்பா குருநாதனைப் பார்த்தேன். அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

"அரே, உங்கப்பன் அனுப்பினானா? சின்ன வயசுல, கைதிப் பரம்பரைன்னு பசங்க சொன்னா அழுவான். கப்பல் டிக்கெட்டுன்னு நான்தான் சொல்லி வச்சேன். இன்னுமா நம்புறான் கிறுக்கன்?"

திட்டிக்கொண்டே மீதியையும் சொன்னார். பூட்டி செங்கல்பட்டுக்காரி. தினம் அடித்து உயிரை எடுத்த புருஷனுக்குச் சோற்றில் அரளி வைத்தவள். இந்தத் தீவு ஜெயிலில் பெண் கைதிகளை வரிசையாக நிறுத்துவார்களாம். டிக்கெட் வாங்கிய ஆண் கைதிகள் வந்து பெண் கேட்பார்களாம். அவளுக்கும் பிடிக்க வேண்டும். பூட்டி மூன்று பேரை வேண்டாம் என்றாளாம். நாலாவது, பூட்டன்.

19-3-1964
அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால்— "மூணு பேரையா? போடி, நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

24-3-1964
சிவஞானம் மாப்பிள்ளையோடு மறுபடி வந்தார். சம்மதமாம், ஆனால் பூட்டி பேச்சே வரக் கூடாதாம். கேட்டால் போன வருஷம் தஞ்சாவூரிலிருந்து வந்தோம் என்று சொல்ல வேண்டுமாம். அப்பா தலையாட்டிய ஆட்டில் கழுத்து சுளுக்கியிருக்கும். மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது— என்ன மனுஷங்கடா இவங்க?

கூப்பிடாமலே அக்கா வந்து நின்றாள். "எனக்குப் பிடிக்கலைங்க."

"உன்னை யாரும்மா கேட்டா?" என்றார் சிவஞானம்.

"எங்க பூட்டியக் கேட்டாங்க. ஜெயில்லயே கேட்டாங்க."

25-3-1964
வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும்.

9-4-1964
அப்பா இன்னும் அக்காவோடு பேசுவதில்லை. நான்தான் நடுவில் தபால்காரி. சும்மா இருப்பேனா— இவர் சொன்னதை அங்கே ஒரு மாதிரி, அவள் சொன்னதை இங்கே ஒரு மாதிரி. இன்று காலை செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "டைப் கிளாஸ்ல சேரணும்னாளே, எப்ப சேரப் போறாளாம்னு கேளு" என்றார்.

இதைத் திரிக்காமல் சொன்னேன்.