நேராக ஓடி வருகிற சோட்டு

என் ஸ்டெல்லாக்கா,

இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல் கேமராவின் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். உன் தங்கை கையில் கேமரா. சிரிக்காதே.

எல்லாம் உன் நாய் சோட்டுவால்தான். நீ கண்ணை மூடிய இந்த ஐந்து மாதமாக அவன் நீலசந்திராவில், உன் பக்கத்து வீட்டு மும்தாஜ் ஆன்ட்டியிடம் இருக்கிறான். ஆன்ட்டியின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். "மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துடு ரோஸி. என்னால ரெண்டையும் சமாளிக்க முடியாது" என்றார்.

வளர்க்க யாராவது கேட்டு வரட்டும் என்று சர்ச் நோட்டீஸ் போர்டில் அவன் படத்தை ஒட்டலாம் என்று நினைத்தேன். பைக் மோதி உடைந்த அவன் காலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஓடுகிற படம் இருந்தால் அந்தக் கேள்வி வராது.

உன் போனில் தேடினேன். நூற்றுக்கணக்கான படங்கள். எல்லாவற்றிலும் ஒரு மூக்கு, கொஞ்சம் மண், நடுவில் பழுப்பாக ஒரு கோடு. "இது நாயா புகையாக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டபோது, "எனக்குத் தெரியுதுடி, போதும்" என்றாய்.

அல்சூரில் ஒரு கேமரா கடைக்குப் போனேன். தூரத்திலிருந்து எடுக்கிற நீள லென்ஸ் வேண்டும் என்றேன். காரணம் உனக்குத் தெரியும். நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவள் நான். நீ சோறு வைக்கும்போதுகூடப் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளித்தானே நின்றேன்?

கடைக்காரர் பொறுமைசாலி. "மெகாபிக்சல விடுங்க மேடம். ஷட்டர் செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள திறந்து மூடணும். நாயோட கண்ணைப் புடிச்ச ஃபோகஸ் விடக்கூடாது" என்றார். இரண்டு கேமரா காட்டினார். ஒன்று நீள லென்ஸோடு கனமானது, இன்னொன்று கைக்கு அடக்கமானது. "உடனே வாங்காதீங்க. ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க."

உன் படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இவங்க கூப்ட்டுக்கிட்டே எடுத்திருக்காங்க. குறுக்க ஓடுற நாயை எடுத்துடலாம். நேரா நம்மகிட்ட ஓடி வர்றதுதான் ரொம்பக் கஷ்டம். போன் என்ன பண்ணும், பாவம்."

இன்று காலை, வாடகைக்கு எடுத்த கனமானதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஆன்ட்டி பந்தை எறிந்தார். சோட்டு குறுக்கே ஓடினான். நான்கு காலும் தரையில் இல்லை, அவ்வளவு தெளிவான படம். உடைந்த கால் எது என்று எனக்கே தெரியவில்லை.

வேலை முடிந்துவிட்டது. பிறகு ஏன் கூப்பிட்டேன்? "சோட்டு, வாடா" என்று நீ இழுக்கிற மாதிரியே இழுத்தேன். அவன் நின்று பார்த்தான். பிறகு நேராக வந்தான். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன், அவன் மூக்கு லென்ஸில் இடிக்கும் வரைக்கும்.

"என்னடி, இன்னைக்கு ஓடலையா நீ?" என்றார் ஆன்ட்டி.

"கால் வரல ஆன்ட்டி."

கடைசிப் படத்தில் ஒரு மூக்கு, கொஞ்சம் மண். எனக்குத் தெரிகிறது அக்கா.

நோட்டீஸ் அச்சாகி மேசைமேல் இருக்கிறது. "ஒட்டிட்டியா?" என்று ஆன்ட்டி போனில் கேட்டார். மத்தியானம் போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போகப் போவதில்லை.

இனி நானும் கூப்பிட்டுத்தான் எடுப்பேன், அது உனக்கு நான் தரும் வாக்கு. நீள லென்ஸ் வேண்டாம். கைக்கு அடக்கமானதையே நாளை வாங்கப் போகிறேன். இன்னொரு கையில் சோட்டுவின் கயிறு இருக்கும். இதை ஆன்ட்டியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

தள்ளி நின்ற உன் தங்கை,
ரோஸி