கெட்டிமேளத்துக்கு எந்தப் பட்டன்?

24 செப்டம்பர் 2024, செவ்வாய்

சோற்றுத் தட்டில் தாளம் போடாதீங்க என்று ஆறு வருடமாகக் கத்தியிருக்கிறேன். இப்போது மூன்று வாரமாக என் வீட்டுக்காரர் ஜீவன் சத்தமே இல்லாமல் சாப்பிடுகிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காரணம் தெரிந்ததுதான். இந்த மாதத் தொடக்கத்தில் பசறையில் ஒரு கலியாணத்துக்கு வாசித்துவிட்டு வரும்போது, வேன் கூரையில் கட்டியிருந்த தறப்பாள் அவிழ்ந்து, ஜீவன் குச்சியால் தட்டி வாசிக்கும் ரிதம் பேட் முழுக்க நனைந்துவிட்டது. கட்டியது என் வீட்டுக்காரர்தான். அவர் போட்ட முடிச்சில் அவிழாமல் நிற்பது, எனக்குத் தெரிந்து, என் தாலி ஒன்றுதான்.

பேட் போனது போனதுதான். புதிது வாங்குவது இப்போதைக்கு நடக்காது. இசைக்குழுவை நடத்தும் ஸாஹிர் நானா பண்டாரவளையிலிருந்து வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் கிழமை முழுக்க பதுளை ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிற ஜீவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மேடைதான் உயிர். அதுவும் இல்லையென்றால் இவர் என்ன ஆவார்?

29 செப்டம்பர், ஞாயிறு

என் கேம் கன்ட்ரோலரைக் காணவில்லை! கட்டாரிலிருந்து அண்ணன் எனக்கென்று அனுப்பியது.

தேடிப் போனால், அதை லெப்டொப்போடு இணைத்துவிட்டு ஜீவன் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மேளச் சத்தம் கொடுக்கலாமாம். யாரோ வீடியோவில் செய்து காட்டினார்களாம். "விது, ஒன்னோட வெளையாட்டுச் சாமானுக்கு நல்ல உத்தியோகம் பாத்துக் குடுக்கிறேன்" என்கிறார்.

இவ்வளவு நாள் அது சும்மாவா இருந்தது? ஃபுட்போலில் இவரைப் பதினொரு கோல் அடித்துத் தோற்கடித்தது அதே சாமான்தான்.

போகட்டும். வீட்டில் சத்தம் கேட்கிறது.

2 அக்டோபர், புதன்

முக்கோணம் போட்ட பட்டன் பிய்ந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது. குச்சி பிடித்துப் பழகிய கை, கன்ட்ரோலரையும் உரலாக நினைத்து இடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் எப்படித் தொடுவது என்று காட்டிக் கொடுத்தேன். இடையில் நான் ஒரு தாளம் வாசித்தேன். என்னையே பார்த்தார். பிறகு, "பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல"வுக்கு பிய்ந்த பட்டனை அவர் நெற்றியிலேயே வைத்து அழுத்தலாம் போலிருந்தது.

13 அக்டோபர், ஞாயிறு

ஸாஹிர் நானா வந்தார். கன்ட்ரோலரைப் பார்த்ததும் சிரிப்பு. "தம்பி, இது கேம் வெளையாடுற சாமான்தானே? கலியாணத்துக்கு வாற சனம் சிரிக்கும்."

ஜீவன் லெப்டொப்பைத் திறந்தார். கோவில் தவில்காரரிடம் கேட்டுப் பதிவு செய்த சத்தங்களை வாசித்தார். பின்பக்கப் பெரிய பட்டனில் கெட்டிமேளம். நானாவின் தேநீர் ஆறிப்போனது.

"நவம்பர் மூணு, ஒரு தோட்டத்துக் கலியாணம். வந்து வாசிங்க. சரிவராட்டி இந்த ஆசைய இதோட விட்டுரணும். சரியா?"

"சரி நானா."

ஒரே ஒரு சந்தர்ப்பம்.

30 அக்டோபர், புதன்

நாளைக்குத் தீபாவளி. முறுக்குக் கையோடு திரும்பத் திரும்பச் சொன்னேன்: பத்து நிமிஷம் தொடாமல் வைத்தால் கன்ட்ரோலர் தானாக அணைந்துவிடும், வயர் மாட்டுங்க என்று.

"வயரோட மேடையில நின்னா மிக்ஸி மாதிரி இருக்கும் விது."

மிக்ஸியாவது அரைக்கும்.

3 நவம்பர், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதினால்தான் தூக்கம் வரும்.

என் கன்ட்ரோலருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்த பிறகு பாட்டு வாசிப்பதுதான் நம்மவர்கள் வேலை. காலையில் மேளக்காரர்களிடமிருந்து போன்: வழியில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான். பெண்ணின் அப்பா மாரிசாமி அண்ணன் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நானா ஜீவனைப் பார்த்தார். "நான் ஓர்கன்ல நாதஸ்வரம் வாசிக்கிறேன். தவில் உங்க பொறுப்பு."

நன்றாகத்தான் போனது. பிறகு ஐயர், "மந்திரம் கேக்கல, சத்தம் வேணாம்" என்றார். ஜீவன் மரியாதையாகக் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்தார். கால் மணி நேரம்! பெண்கள் பக்கத்தில் அட்சதையோடு நின்ற நான் பார்க்கிறேன் — கன்ட்ரோலரின் விளக்கு அணைந்திருக்கிறது. கத்தவும் முடியாது. கை காட்டினேன். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்!

ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஜீவன் அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை.

தாலி கழுத்துக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமா மூக்கைச் சுருக்கி, வாயைத் திறந்து... தும்மல் வருகிறது. அது யார் காதிலும் விழக்கூடாது என்றுதானே அந்த மேளமே!

ஜீவன் கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த மரப் பெட்டியை, ஸ்பீக்கர் ஏற்றி வந்த காலிப் பெட்டியை, இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தார். அப்பா, என்ன அடி! தும்மல் அதற்குள்ளே காணாமல் போனது. நான் அட்சதையோடு ஓடினேன். நடுப் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிய நாலு செக்கன் — அய்யோ, அந்த நாலு செக்கன்ல செத்தே போனேன். எரிஞ்சிச்சு. பின்பக்கப் பட்டனில் விரல் வைத்தேன். கெட்டிமேளம் முழங்கியது. எனக்குப் பக்கத்தில் பெட்டியும் நிற்கவில்லை. மூன்றாவது முடிச்சு வரைக்கும் இரண்டும் சேர்ந்தே போயின. அட்சதை பாதி லெப்டொப் மேல்.

வேனில் திரும்பினோம். ஹாலி எலை தாண்டியதும் நானா முன் சீட்டிலிருந்து சொன்னார்: "தம்பி, இனி ஒங்களத் தனியா கூப்புட ஏலாது."

ஜீவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சியும் வரணும். அந்தப் பெட்டியும் வரணும்."

12 நவம்பர், செவ்வாய்

அடுத்த ஞாயிறு பண்டாரவளை. ஜீவன் யாரிடமும் சொல்லாமல் நீளமான வயர் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். மிக்ஸியைப் பற்றிப் பேச்சே இல்லை. பெட்டியைத் தறப்பாளால் சுற்றிக் கட்டி வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்து நான் கட்டினேன்.

இரவுச் சாப்பாட்டில் தட்டு ஓரத்தில் இரண்டு விரல். தக, தக.

"சோத்துத் தட்டுல தாளம் போடாதீங்க!" என்று கத்திவிட்டேன், பழக்கத்தில். நிறுத்திவிடுவாரோ என்று உடனே பயமாகவும் இருந்தது.

நிறுத்தவில்லை.