மூன்று பேர் பார்த்த கொரியத் தொடர்

நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்து பனி கலந்த மழை. வேலை செய்யும் பாலர் பள்ளியில் பிள்ளைகளின் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டே பாதி நாள் போயிற்று.

மாலை, மேல்மாடியில் மெற்றில்டா வீடு. (இனி மெ. என்றே எழுதுகிறேன், பெயர் நீளம்.) வெள்ளிதோறும் நானும் அவளும் கொரியக் கொலைத் தொடர் பார்ப்பது பல வருடப் பழக்கம். ஒருவரை விட்டு மற்றவர் பார்ப்பதில்லை, அதுதான் சட்டம். இப்போது இரண்டு மாதமாக நித்யாவும். கோயம்புத்தூர்ப் பெண். புருஷனுக்குக் கணினி வேலை. எங்கள் எல்லிங்ஸ்ருட் பகுதிக்குப் புதிது, பக்கத்து புளொக். மெ.தான் கூட்டிவந்தாள். என்னைக் கேட்கவில்லை.

இன்று ஆறாம் பகுதி. நடுவில் நித்யா: "அக்கா, எனக்கு அந்த போஸ்ட்மார்ட்டம் டாக்டர் மேலதான் டவுட்டு. செத்தவங்க அம்மாவையெல்லாம் கட்டிப்பிடிச்சு அழறான் பாருங்க. ரொம்ப ஓவரு."

"எடி, நீ சரியான கெட்டிக்காரி!" மெ. அவள் தோளில் தட்டினாள்.

அந்த டாக்டர்மேல் எனக்கும் சந்தேகம்தான். போன கிழமையே. சொல்லாமல் இருந்தது என் மடைத்தனம். இனிச் சொன்னால் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னது போலாகும்.

சோபாவில் என் மூலையும் அவளுக்கு. குளிராம். ஹீற்றர் பக்கம் வேண்டுமாம்.

பால் முடிந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

மெ. இரண்டு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை. நித்யா அப்படிச் சொன்னாள், நித்யா இப்படிச் சமைத்தாள் என்று கேட்க மனமில்லை.

சாப்பிடும்போது என் கணவர் ரவி: "உந்தக் கொரியாக்காரரிலை என்னதான் கிடக்கு? விடிஞ்சா பொழுதுபட்டா அதே கதை."

யோசித்தேன். முதலாவது, அவர்கள் சாப்பிடுகிறார்கள். பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து, கூடி இருந்து சூப் குடிக்கிறார்கள், ஒருவர் தட்டில் மற்றவர் இறைச்சி வைக்கிறார். இந்த நாட்டுத் தொடர்களில் துப்பறிகிறவர் தனியே ஜன்னலருகே நிற்பார், கையில் கறுப்புக் கோப்பி. பிறகு, கொலைகாரனும் அதே மேசையில்தான் இருக்கிறான் என்று தோன்றவைத்துவிடுவார்கள். யார் என்ற பயம் கொஞ்சம்தான். ஐயோ, இவனாக இருக்கக் கூடாதே என்ற பயம்தான் பெரிது.

இதெல்லாம் மெ.யிடம் சொல்லியிருக்க வேண்டியவை. ரவியிடம் சொன்னேன். "ம்" என்றார். கண் ஃபோனில், கால்பந்து.

நவம்பர் 14, வெள்ளி

ஏழாம் பகுதி. பார்த்துவிட்டார்கள். நான் இல்லாமல்.

எப்படித் தெரியும்? லிஃப்ட் கதவு திறக்கிறது, உள்ளே பிணம். பயமென்றால் மெ. தலையணையால் முகத்தை மூடுவாள். இன்று கதவு அசையும் முன்பே மூடிவிட்டாள், இசைகூட மாறவில்லை. நித்யாவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் "ஐயோ!" பிந்திய ஐயோ.

கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன். தலையிடி என்று சொல்லி எழும்பினேன். வாசலில் நித்யாவின் சப்பாத்து. மிதித்துக்கொண்டு வந்தேன். வேண்டுமென்றே.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். ரவி பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போனார். மெ. தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருப்பாள். மிச்சப் பகுதிகள் எல்லாவற்றையும் தனியே இருந்து பார்த்து முடித்தேன். உடுப்புக் கழுவவில்லை, சமைக்கவில்லை.

டாக்டர் இல்லை! கூடவே திரிகிற பெரியவர், எல்லோரும் "சார், சார்" என்கிற அந்தப் பொலிஸ் அதிகாரி. முடிவில் அழுதேன். அழுது முடிந்ததும் முதலில் வந்த நினைப்பு: நித்யா சொன்னது பிழை. அதில் எனக்கு வந்த சந்தோஷம்!

ஃபோனில் எங்கள் மூன்று பேர் குழுவில் எழுதினேன்: "டாக்டர் இல்லை. பெரியவர்தான் கொலைகாரர்." அனுப்பிவிட்டேன். இரண்டு பேரும் பார்த்ததாகக் காட்டியது.

நவம்பர் 17, திங்கள்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, மெ. வாசலில். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"போன செவ்வாய் உனக்கு ரெண்டு தரம் அடிச்சனான். ஏன் எடுக்கேல்லை?"

"வேலை."

"அண்டைக்கு நித்யான்ரை அப்பா செத்துப்போனார். விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கு, வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது. புருஷனும் வேலை விஷயமா வெளியூர். ஃபோனிலை செத்தவீட்டைப் பாத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை என்ரை சோபாவிலை. நான் ஒருத்தியா என்ன செய்யிறது? அதுதான் உனக்கு அடிச்சனான்."

நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

"எல்லாம் முடிய, வீடு அமைதியா இருந்தா விசர் பிடிச்சிடும், டிவியிலை எதையாவது போடுங்கோ எண்டாள். ஏழாம் பகுதியைப் போட்டனான். அவ்வளவுதான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஆக்கள் துக்கம் விசாரிச்சாத் தாங்கமாட்டன், ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவள். பாத்ததைச் சொன்னா நீ கோவிப்பாய் எண்டு ரெண்டு பேரும் நடிச்சனாங்கள். நீ எப்பிடியும் கோவிச்சுக்கொண்டுதானே திரிஞ்சனி."

படியேறிப் போய்விட்டாள். சோறு குழைந்துவிட்டது. ரவியும் பிள்ளைகளும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

வெட்கம்தான். ஆனால் உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும்: அழ ஓர் இடம் வேண்டுமென்றபோது அவள் மெ.யின் சோபாவுக்குப் போயிருக்கிறாள் என்பதுதான் இப்போதும் முதலில் குத்துகிறது.

நவம்பர் 21, வெள்ளி

வழுக்கும் பனி. போவதா விடுவதா என்று பின்னேரம் முழுக்க. போனேன். கதவைத் திறந்தது நித்யா. மெலிந்திருந்தாள்.

"அப்பான்ரை விஷயம் எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் எழுதினது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

"பரவால்லக்கா. யாருன்னுதான தெரிஞ்சுது." கொஞ்சம் சிரித்தாள். "ஏன் செஞ்சாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதுக்காகத்தானே பாக்குறோம்."

எட்டாம் பகுதி. மெ. என்னோடு அதிகம் கதைக்கவில்லை, ஆனால் தேநீர் தந்தாள். மழையில் நின்று அழுகிற இளம் அதிகாரிக்குப் பெரியவர் குடை பிடிக்கிறார். அவர்தான் கொலைகாரர் என்று மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் இவராக இருக்கக் கூடாதே என்றே இருந்தது, தெரிந்ததால் இன்னும் கூட. நித்யா விம்மத் தொடங்கினாள். தொடருக்கு இல்லை.

மெ.யின் கை போய் அவள் கையைப் பிடித்தது. நான் மற்றக் கையைப் பிடித்தேன். மெ. திரும்பி யாரைப் பார்க்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அவளைத்தான்.