கிடங்கு ஜன்னலில் தேன்சிட்டு

பிப். 9
காலையில் மூடுபனி. துபாய் அல் கூஸ் லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் அரை மணி லேட். கிடங்கில் டைல்ஸ் லோடு, இரண்டு வண்டி. ஜன்னலுக்கு வெளியே, பழைய ஏசியின் ஒயர் நுனியில் ஒரு கூடு. பேரீச்ச நார், சிலந்தி வலை, பிஸ்கட் கவர் துணுக்கு. உள்ளே கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய குருவி, வளைந்த மூக்கு. அடை காக்கிறது போல.
வாங்க: பிளேடு, வெங்காயம், ரீசார்ஜ்.

பிப். 11
ரூம்மேட் செல்வம் விசா முடித்து ஊர் போய் இருபது நாள். ஒன்பது வருஷம் ஒரே ரூம். அவர் கட்டில் காலி. இன்றும் சோறு மிச்சம்.
மகள் கயலுக்குக் குருவி போட்டோ அனுப்பினேன். இது ஹம்மிங் பேர்டா என்று கேட்டு. ஒன்பதாவது படிக்கிறாள். நான் கூப்பிட்டால் "ம்", "சாப்ட்டேன்", "அம்மாட்ட குடுக்கவா?" அவ்வளவுதான்.

பிப். 12
பதில், அவள் குரலிலேயே.
"ஹம்மிங் பேர்ட் அமெரிக்கா பக்கம் மட்டுந்தான்ப்பா. இது ஊதாத் தேன்சிட்டு. இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. வெயிலோ குளிரோ, இருக்கற எடத்துலயேதான் கெடக்கும். சீசன் முடிஞ்சா ஆணோட ஊதா மங்கிரும், அவ்ளோதான். நம்ம வீட்டு முருங்கைக்குத் தெனமும் வருமே, பாத்ததில்லயா?"
பார்த்ததில்லை. அவள் பிறந்த பிறகு நான் வீட்டில் இருந்தது, எல்லா லீவும் சேர்த்துப் பதினோரு மாதம்.
மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

பிப். 16
எலக்ட்ரீஷியன் ரஹீம் பாய் ஏணியோடு வந்தார். பழைய ஒயரை வெட்ட ஆர்டர். கூட்டைக் காட்டினேன். எட்டிப் பார்த்து, "அச்சா, பச்சா ஹை" என்றார், குரலைத் தாழ்த்தி. இரண்டு குஞ்சு.
ஃபோர்மேனிடம் போய் நின்றேன். மலையாளி. லீவு தவிர அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை.
"மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். அது கழிஞ்சா கலாஸ், ஒயர் வெட்டணும்."
கயலிடம் போனில் சொன்னேன். சிரித்தாள். அவள் என்னிடம் சிரித்து எத்தனை நாள்.

பிப். 19
ராத்திரி முழுக்கப் புழுதிக் காற்று. காலையில் கூடு கிழிந்து தொங்கியது. ஏசி மேல் காக்கா. குஞ்சுகள் இல்லை. தாய்ச் சிட்டு வாயில் பூச்சியோடு வந்து வந்து போனது. 
ரூமுக்கு வந்து சட்டைகூடக் கழற்றவில்லை, போன். கயல். அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.
"குஞ்சு எப்படிப்பா இருக்கு?"
"நல்லா இருக்கு. வாயத் தொறந்து தொறந்து கேக்குது."
"கண்ணு முழிச்சிருச்சா?"
"நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."
"அப்ப நாளைக்கு இதே நேரம் கூப்பிடறேன்."
பறக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். இன்னும் பத்து நாள் என்றாள்.
பத்து நாள்.