சனிக்கிழமை பத்து மணிக்கு நான் கடலில் இருப்பேன்

ஜூன் 17, செவ்வாய்

மழை. துணி எதுவும் காயவில்லை. நாளை கிளம்ப வேண்டிய சென்னைக் கப்பல் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. தீவில், ஜங்லிகாட் வீட்டில் இன்னும் இரண்டு நாள். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான், அந்த விஷயத்தை நினைக்காத நேரங்களில்.

ஜூன் 18, புதன்

காலேஜ் குரூப்பில் நோட்டீஸ். ஐந்தாம் செமஸ்டருக்கு எலெக்டிவ் தேர்ந்தெடுப்பது திங்கள்கிழமை இல்லையாம், சனிக்கிழமை காலை பத்து மணிக்காம். முந்துகிறவர்களுக்குத்தான் சீட். சனிக்கிழமை பத்து மணிக்கு நான் நடுக்கடலில் இருப்பேன். கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். திங்கள்கிழமை சென்னையை நெருங்கும்போதுதான் திரும்ப வரும். அடுத்த கப்பலோ பன்னிரண்டு நாள் கழித்து.

டிபார்ட்மென்ட் ஆஃபீசுக்குப் போன் செய்தேன். "ஷிப்புல வர்றேன் மேடம்."

"ஷிப்புலயா? இந்தக் காலத்துல யாரும்மா ஷிப்புல வர்றாங்க?" வைத்துவிட்டார்.

நாங்க எல்லாரும் அதுலதான் மேடம் வர்றோம்.

எனக்கு எர்கனாமிக்ஸ் வேண்டும். ஆளின் உடம்புக்குத் தகுந்தபடி வேலையையும் மெஷினையும் அமைக்கிற பாடம், கணக்கு குறைவு. அது போனால் சிமுலேஷன். வருஷா வருஷம் அதுதான் மிஞ்சும், எதையும் எடுக்காதவர்களை அதில்தான் தள்ளுவார்கள். அது முழுக்க ப்ராபபிலிட்டியும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சும். நான் இரண்டிலும் ஃபெயில்.

எழுதிவிட்டேன். இதுவரை இங்கேகூட எழுதவில்லை. வீட்டில் "ஆல் கிளியர்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

ஹாஸ்டல் ரூம்மேட் வைஜெயந்தியைக் கேட்டேன். அவளும் அதே பத்து மணிக்குத் தனக்கு எடுக்க வேண்டும், இரண்டு பேருக்கு முடியாது என்கிறாள். போதாததற்கு, போர்ட்டலைத் திறக்க ஓடிபி அப்பா போனுக்குத்தான் வரும். சேரும்போது அவர் நம்பரைத்தான் கொடுத்தோம். ஆக, வீட்டில்தான் யாராவது செய்ய வேண்டும். உள்ளே போனதும் முதல் பக்கமே மார்க். ஃபெயில் ஆனது சிவப்பில்.

பாஸ்வேர்டைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் சிமுலேஷன், அதிலும் ஃபெயில், அப்புறம்? அப்புறம் என்ன பண்ணுவேன்?

சாயங்காலம் அப்பா சாத்தம் துறையில் வண்டிகளை ஏற்றுகிற படகு டியூட்டி முடிந்து வந்தார். ஈரச் சட்டையோடு நின்று பக்கத்து வீட்டு பெங்காலி அங்கிளிடம், "மேரி பேட்டி இஞ்சினியர் பனேகி" என்கிறார், என் மகள் இஞ்சினியர் ஆவாள் என்று, எத்தனையாவது தடவையோ. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனேன். திரும்பி வந்து துணியை மடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அபியிடம் சொல்லிவிட்டேன். தங்கை, பன்னிரண்டாம் வகுப்பு. வேறு யாரிடம் சொல்ல? "ரெண்டு பேப்பரா அக்கா?" என்றாள், அவ்வளவுதான். நாளைக்கு அப்பா போனை வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிடுவாளாம். "டென்ஷன் மத் லோ, கவலப்படாம நீ போ." பயந்தவள் மாதிரித் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பேன்.

ஜூன் 21, சனி

9.40. கப்பலின் அடித்தளத்தில் பங்க் கிளாஸ். ஆட்டம் அதிகம். இரண்டு தடவை வாந்தி.

10.00.

10.05. ஓடிபி வந்திருக்குமா? அப்பா போனைக் கொடுத்திருப்பாரா? கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டால்?

10.30. முடிந்திருக்கும். எதுவோ ஒன்று முடிந்திருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

சிக்னல் இல்லை. எல்லோரும் எப்போது கரை வரும் என்று கேட்கிறார்கள். வரவே வேண்டாம் என்று இருக்கிறது எனக்கு.

ஜூன் 23, திங்கள்

சென்னை. சிக்னல் வந்ததும் அபியின் மெசேஜ்கள்.

"எர்கனாமிக்ஸ் கிடைச்சிருச்சு."

"அப்பா நகரவே இல்ல. சிவப்பு என்னன்னு கேட்டாங்க. நீ இன்னும் எழுதாத பேப்பர்னு சொன்னேன்."

"நம்பிட்டாங்க."

கடைசியாக ஒன்று, நேற்று அனுப்பியது: "அப்பா மூஞ்சியப் பாக்க முடியல. சாப்பாடு எறங்கல. சீக்கிரம் போன் பண்ணு அக்கா."

நான் பயந்தேன் பயந்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அதைத் தூக்கிப் பதினேழு வயசுப் பிள்ளை தலையில் வைத்துவிட்டுக் கப்பலேறியிருக்கிறேன். ச்சீ.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, நான் ரெண்டு பேப்பர்ல ஃபெயில். அபியைப் பொய் சொல்ல வச்சது நான்தான்." படகு எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, "ரெண்டு பேருமா?" என்றார். கட் ஆகிவிட்டது. இல்லை, அவர்தான் கட் செய்தார்.

ஜூன் 27, வெள்ளி

அப்பா போனை எடுக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எடுக்கவில்லை. எர்கனாமிக்ஸ் முதல் கிளாஸ். இதற்குத்தானா என்று இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

அப்பாவே கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "காவேரி, அந்த ரெண்டு பேப்பர் என்னன்னு தமிழ்ல சொல்லு."

ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சை மட்டும் சொன்னேன். ஒரு படகு, பத்து லாரி, முப்பது பைக். எதை முதலில் ஏற்றினால் கரையில் நிற்கிறவர்களுக்குக் காத்திருப்பு குறையும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது.

"இதுலயா ஃபெயில் ஆன?"

"ஆமாப்பா."

"இருபத்திரெண்டு வருஷமா டெக்குல நின்னு இதைத்தான் பண்றேன். ஒரு நாள் தப்பாப் போட்டா ஜனங்க என்னைச் சும்மா விட்டுருவாங்களா?" பிறகு கேட்டார்: "திரும்ப எப்ப எழுதணும்?"

"நவம்பர்."

"எழுது. மார்க் வந்ததும் நீயே எனக்குச் சொல்லணும்." போனை அபியிடம் கொடுத்தார்.

"அக்கா, இனிமே எதுன்னாலும் நேரா அப்பாகிட்ட சொல்லு. என்கிட்ட சொல்லாத," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.