எப்போதிலிருந்து வலி

என் செல்விக்குட்டிக்கு,

உன் ராணி நேற்று முட்டை போட்டாள். ஜோடி இல்லாத லவ் பேர்ட்ஸ் எப்படி முட்டை போடும் என்று கேட்காதே, டாக்டரம்மாவிடம் நானும் அதைத்தான் கேட்டேன். சேவல் இல்லாமலே கோழி போடுவது மாதிரி இதுவும் போடுமாம்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் மாற்றப் போனால், கூண்டின் அடியில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தாள். முக்குகிறாள், ஒன்றும் வரவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பிய உன் மாமா எட்டிப் பார்த்தார். "சூடு புடிச்சிருக்கும். சீரகத் தண்ணி ரெண்டு சொட்டு ஊத்து, சரியாப் பூடும்" என்றார்.

சீரகம் என்றதுமே அந்த டப்பாவைத் தொடக்கூட எனக்கு மனசு வரவில்லை செல்வி.

அன்றைக்கு உனக்கு நிறைமாதம். காலையிலேயே "அக்கா, இது வேற மாறி வலிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றாய். "இன்னாடி பேஜாரு பண்ற? சூட்டு வலிதான். ரெண்டு பெத்தவ சொல்றேன், இதக் குடிச்சிட்டுப் படு" என்று சீரகத் தண்ணீரை நீட்டினேன். அதற்கு நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் பிரசவ வலி என்றுதானே நம் வீட்டில் பார்ப்பார்கள்? உனக்குக் கொஞ்சம் நின்றது மாதிரி இருந்தது. சாயங்காலம் வரை விட்டுவிட்டேன்.

ராணியை அப்படி விடவில்லை. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அவளுக்குப் பக்கத்தில் வைத்து, கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறிச் சென்னையில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "முட்டை சிக்கியிருக்கு. எப்பலருந்து முக்குது?"

"ஏழு மணிலருந்து" என்றேன். ஒரு பறவைக்கு எவ்வளவு சுலபமாக உண்மை வருகிறது பார்.

உன்னைக் கொண்டுபோனபோதும் இதையேதான் கேட்டார்கள். திட்டுவார்களே என்ற பயத்தில், "இப்பத்தான், ஒரு மணி நேரம் ஆவுது" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏன்டி வாயைத் திறக்கவில்லை? அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா, பேசத் தெம்பில்லையா? நீயும் பிள்ளையும் வீடு திரும்பவில்லை. உன் வீட்டுக்காரரிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். இன்றுவரை அவருக்கு அதுதான் தெரியும்.

ராணிக்குக் கால்சியம் ஊசி போட்டு, எண்ணெய் தடவி, கதகதப்பான பெட்டியில் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் முட்டை வந்துவிட்டது. "நேரத்தோட கொண்டுவந்தீங்க, அதான் பொழச்சுது" என்றார் டாக்டரம்மா. பாராட்டாகத்தான் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதெல்லாம் "வேற மாறி வலிக்குதுக்கா" என்று உன் குரல் கேட்கிறது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

"கடைசி வரைக்கும் நீங்க கூட இருந்தீங்கக்கா, அது போதும்" என்று உன் வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை. நேரில் போய், உனக்கு வலி வந்தது காலையில் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் அவர் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

உன் பேச்சைக் கேட்காத
உன் அக்கா