நெருக்கிப் போட்ட பட்டாணி

ஏற்காடு
24-11-1986

அன்புள்ள கண்ணு ஆறுமுகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் பார்வதியும் குட்டிப் பயலும் அதே மாதிரி இருக்கச் சேர்வராயன் சாமி துணை இருக்கட்டும். உடம்புக்குத்தான் குறையில்லை என்றேன், மனசைக் கேட்காதே. போன கடிதத்தில் தோட்டத்தில் பட்டாணி பூத்துக் குலுங்குகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன், பதறிப்போய் ரயில் ஏறிவிடாதே.

எஸ்டேட் கைமாறியது உனக்குத் தெரியும். அப்பா ஆள் கணக்கெழுதும் ரைட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் பழைய முதலாளி ஒரு நாளும் இந்த எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கேட்டதில்லை. ஆவணியில் புது மேனேஜர் கிறிஸ்துதாஸ் வந்தார். நல்ல மனுஷன்தான், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். புது ரைட்டர் குடும்பத்தோடு வரப் போகிறாராம், இந்த வீடு வேண்டுமாம். ஆனாலும் எஸ்டேட் வழக்கத்தை நான் மாத்த மாட்டனுங்கம்மா, தோட்டத்துல நிக்கிற வெள்ளாமைய எடுத்துப்போட்டு ஊட்டை ஒப்படைச்சாப் போதுமுங்க என்றார். உனக்குத்தான் தெரியுமே, இங்கே கொல்லையில் பயிர் நிற்கும்போது யாரையும் கிளப்பியதில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயிர் நிற்கிற வரைக்கும் வீடு நம்முடையது, அப்படியானால் பயிர் தீராமல் பார்த்துக்கொண்டால் போகிறது என்று கணக்குப் போட்டேன்.

மறுநாளே மஞ்சக்குட்டைக்குப் போகிற பொன்னாயியிடம் சொல்லிப் பட்டாணி விதை வாங்கி வரச் செய்தேன். அப்பா வழக்கம்போலக் கயிறு பிடித்து, விதைக்கு விதை நாலு விரல், வரிசைக்கு வரிசை ஒரு முழம் என்று ஊன்றினார். அது ஒரு சாண் உயரம் வந்ததும் அவர் தலைச்சோலைப் பக்கம் போன சமயம் பார்த்து, நடுவில் இருந்த இடத்தில் எல்லாம் நான் மறுபடியும் பட்டாணி விதையையே செருகிவிட்டேன். முதலில் போட்டது காய்த்து ஓயும்போது அடுத்தது பூக்க வேண்டும், அது ஓயும்போது இன்னொன்று. புரட்டாசியில் ஒரு தரம், ஐப்பசியில் ஒரு தரம் செருகினேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார். ஏம்புள்ள, இது ஏமாத்து வேலையில்லியா என்று கேட்டார். வேலைக்கு வராத ஆளுக்கு ஒரு நாளும் ஆஜர் போடாத மனுஷன் அல்லவா. நீங்க வரிசையைப் பாருங்க, நான் ஊட்டைப் பாக்கறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோற்றுக்கு மட்டும் என் பக்கம் தட்டை நகர்த்தினார்.

அதற்கப்புறம் பிடித்தது பார் மழை. மழை விட்டால் மூடுபனி, பத்து மணி வரைக்கும் பக்கத்துப் பாத்தி தெரியாது. காப்பிக் கவாத்தில் விழுந்த குச்சிகளை ஊன்றிக் கொடி ஏற்றலாம் என்றால் காலை வைக்க இடமில்லை. ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டு கிடந்தது, காற்று நுழையவில்லை. மேலே இலையில் வெள்ளை மாவு பூத்தது, கீழே தண்டு அழுகியது. சாம்பல் தூவினேன், ஒன்றும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன், பத்துச் செடி கூடவே வந்தது. எல்லாம் சேர்த்து மூன்று கைப்பிடி காய்கூடத் தேறவில்லை. பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன், அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வியாழக்கிழமை மேனேஜர் வந்து தோட்டத்தைப் பார்த்தார். அவருக்குப் புரியாமலா இருக்கும். பாவம், தை பொறக்கட்டுமுங்க, அப்புறம் பேசிக்கலாமுங்க என்றார். நான் கும்பிடப் போனேன், அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். பயிரு போயிருச்சுங்க, இந்த மாசக் கடைசியில சாவியக் குடுத்தர்றனுங்க என்று தானாகவே நாளைச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒற்றை ஆளாக அத்தனையையும் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு மண்ணைக் கொத்திச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறார். புதுசா வர்றவன் வெதைக்கோணுமில்ல என்றார். கோபத்தை விட்டுவிட்டு நானும் மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கினேன்.

ஆகையால் நாங்கள் அங்கேதான் வருகிறோம். ஒற்றை அறை என்றாலும் எல்லாரும் ஒண்டிக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்தாய். இதை எழுதாதே, அவன் மனசு நோகும் என்று அப்பா சொன்னார், ஆனாலும் எழுதுகிறேன். அந்த ஒற்றை அறை வேண்டாம். நீங்கள் இருக்கும் தெருவிலேயே, கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன இடம் பார். பார்வதி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவள் நல்லவள் என்பதால்தான் கேட்கிறேன். நெருக்கினால் என்ன ஆகும் என்று இந்த ஐப்பசியில் என் கையாலேயே பார்த்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்தால் இரண்டு நாள் என்னைத் திட்டிக்கொள், மூன்றாம் நாள் இடம் தேடு.

நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிப் பயலுக்குக் காதை மூடிக் குல்லாய் போடச் சொல். பொன்னாயி வாங்கி வந்த விதையில் மிஞ்சியதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், அங்கே குளிர் போவதற்குள் வாசலில் ஊன்றிவிடு. விதைக்கு விதை நாலு விரல், மறக்காதே. நடுவில் இடம் சும்மா கிடக்கிறதே என்று நானே வந்து செருகப் பார்த்தாலும் விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வெள்ளையம்மாள்